ட்ரெஸர் சேஃப் 3: திருப்பூரிலிருந்து ஒரு மதிப்புரை

ட்ரெஸர் சேஃப் 3 ஒரு ஹார்டுவேர் வாலட், அதாவது பிட்காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவியைப் பூட்டிவைக்கும் சின்னக் கருவி. பிட்காயினை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல கருவி. தினமும் வாங்கி விற்பவர்களுக்கு இது தேவையில்லை. கையில் இருந்தால் எரிச்சல்தான் வரும். எங்கள் டெலிகிராம் குழுவில் "அக்கா, எந்த வாலட் வாங்கலாம்ங்க?" என்று கேட்டு வருபவர்களில் நிறையப் பேருக்கு நான் சொல்வது, "இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க, மொதல்ல படிங்க" என்பதுதான். படித்து முடித்துவிட்டு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் என்று நாள் முழுக்க எண்களையும் எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. கிரிப்டோவில் எனக்கு ஈடுபாடு வந்ததற்கும், இந்தக் கருவி எனக்குப் பிடித்துப்போனதற்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

கன்டெய்னர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து, அடுத்து ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வரும் சோதனை இலக்கம். அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றி அடித்தால் சிஸ்டம் பெரும்பாலும் பிடித்துவிடும். வேறொரு கன்டெய்னரின் சரியான எண்ணை அடித்தால் அது பிடிக்காது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒருவர் கண்ணால் பார்த்து ஒப்பிட்டால்தான் உண்டு. பிட்காயின் முகவரியும் இப்படித்தான் இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு சோதனைக் கணக்கு இருப்பதால் எழுத்துப் பிழையோடு அனுப்ப முடியாது. ஆனால் நாம் காப்பி செய்த முகவரியை, பேஸ்ட் செய்வதற்குள் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. அந்த முகவரியும் கணக்குப்படி சரியானதுதான். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாது.

முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றுபோல இருக்கும் போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து ஒரு சின்னத் தொகையை நமக்கு அனுப்பி, நம் பரிவர்த்தனைப் பட்டியலில் அதை உட்கார வைப்பது இன்னொரு வகை. அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து முகவரியை எடுப்பவர் அதையே காப்பி செய்துவிடுவார். 2024 மே மாதம் ஒருவர் இந்த வலையில் சிக்கி 1,155 டபிள்யூபிடிசி (பிட்காயின் மதிப்போடு ஈதரியம் வலையில் புழங்கும் டோக்கன்) அனுப்பினார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 6.8 கோடி டாலர். பேச்சுவார்த்தைக்குப் பிறகு திருடியவர் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாருக்கும் அப்படித் திரும்பி வராது.

ஹார்டுவேர் வாலட்டின் திரை இதற்காகத்தான். போனிலோ லேப்டாப்பிலோ என்ன வைரஸ் இருந்தாலும், பணம் எந்த முகவரிக்கு, எவ்வளவு போகிறது என்பதை இந்தக் கருவி தன் திரையில் தனியாகக் காட்டும். நாம் பொத்தானை அழுத்தினால்தான் சாவியைக் கொண்டு கையெழுத்துப் போடும், அதாவது பணம் போக ஒப்புதல் கொடுக்கும். சாவி கருவியை விட்டு வெளியே வராது. சேஃப் 3இன் திரை சின்னது, கறுப்பு வெள்ளை. ஆனால் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. நான் முகவரியை முழுவதுமாக, நான்கு நான்கு எழுத்தாக, வாய்விட்டுப் படித்துத்தான் அழுத்துகிறேன். பெறுபவர் வீடியோ காலில் இருந்தால் அவரையும் படிக்கச் சொல்வேன். தொடக்கமும் முடிவும் பார்த்தால் போதும் என்று குழுவில் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

திரையில் உள்ளதைப் படிக்காமல் அழுத்தினால் எந்தக் கருவியும் பயன்படாது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயங்கள் திருடு போயின. அங்கே இருந்தது சாதாரண வாலட் இல்லை. பலர் கையெழுத்திட்டால்தான் திறக்கும், இணையத்திலிருந்து விலக்கி வைத்த கோல்ட் (cold) வாலட். கையெழுத்திட்டவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்த பக்கம் வழக்கமான பரிமாற்றத்தையே காட்டியது. உண்மையில் அவர்கள் ஒப்புதல் கொடுத்தது வேறொன்றுக்கு. வடகொரியாவைச் சேர்ந்தவர்களின் வேலை இது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. இதை நினைத்துத்தான் புரியாத குறியீடாகத் திரையில் வரும் எந்தப் பரிவர்த்தனைக்கும் நான் கையெழுத்திடுவதில்லை. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானே ஓடும் நிரல்), டீஃபை (அதை வைத்துக் கடன், வட்டி என்று நடக்கும் சேவைகள்) என்று இறங்குபவர்களுக்கு இவ்வளவு சின்னத் திரை போதாது என்பது என் எண்ணம். பிட்காயின் அனுப்ப, பெற இது தாராளம்.

அடுத்து, செய்தவர்கள் யார் என்று பார்க்கலாம். செக் குடியரசின் பிராக் நகரில் உள்ள சடோஷிலேப்ஸ் நிறுவனம். முதல் ஹார்டுவேர் வாலட்டை 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். நிறுவனர்களான மரெக் பலடினுஸ், பவோல் ருஸ்னாக் இருவரும், இன்று பெரும்பாலான வாலட்டுகள் பயன்படுத்தும் 12, 24 சொல் முறையை (கருவி போனாலும் பணத்தை மீட்டுத் தரும் சொற்கள்; அவை யாரிடம் இருந்தாலும் பணம் அவர் கையில்) வகுத்த பிஐபி 39 ஆவணத்தின் ஆசிரியர்களில் இருக்கிறார்கள். கருவியை இயக்கும் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் வாசித்துக் குறை சொல்லலாம், சொல்லவும் செய்கிறார்கள். எனக்கு இந்த நிறுவனத்தின் மேல் மதிப்பு வர இதுவே பெரிய காரணம்.

குறை சொன்னவர்களின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஜனவரியில் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்புக் குழு, பழைய ட்ரெஸர் மாடல்கள் கையில் கிடைத்தால் கால் மணி நேரத்தில் உள்ளே இருக்கும் சொற்களை எடுத்துவிடலாம் என்று செய்து காட்டியது. சேஃப் 3 வந்தது 2023 அக்டோபரில். அதில் இன்ஃபினியன் நிறுவனத்தின் பாதுகாப்புச் சிப் சேர்ந்திருக்கிறது. அந்தப் பழைய வழி இங்கே வேலை செய்யாது. 2025 மார்ச்சில் போட்டி நிறுவனமான லெட்ஜரின் ஆய்வாளர்கள் சேஃப் 3இன் இன்னொரு சிப்பில், அதாவது மைக்ரோகண்ட்ரோலரில், ஒரு பலவீனம் இருப்பதைக் காட்டினார்கள். நம் கைக்கு வருவதற்கு முன்பே ஒருவர் கருவியைப் பிரித்து மென்பொருளை மாற்றிவைக்க முடியும் என்பதுதான் அதன் சாரம். வீட்டில் இருக்கும் கருவிக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் எங்கே வாங்குகிறோம் என்பது ரொம்ப முக்கியமாகிவிடுகிறது.

அதனால் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ, அவர்கள் தளத்தில் பெயர் கொடுத்திருக்கும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். அறிமுக விலை 79 டாலர். இங்கே வந்து சேரும்போது வரியும் கூரியரும் சேர்ந்து கூடும். பெரிய ஷாப்பிங் தளங்களில் முகம் தெரியாத விற்பனையாளர் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறார் என்றால் அந்த ஆயிரத்தை விட்டுவிடலாம். எங்கள் குழுவில் ஒரு தம்பி, "அக்கா, பாக்ஸ்லயே 24 சொல்லு பிரிண்ட் பண்ணி வந்திருக்குங்க, நல்ல வசதிங்க" என்று படம் போட்டான். எல்லாரும் பதறிப்போய்த் தடுத்தோம். சொற்களைக் கருவிதான் நம் கண்முன் உருவாக்க வேண்டும். ஏற்கெனவே அச்சடித்து வந்தால் அதை அச்சடித்தவன் கையிலும் ஒரு பிரதி இருக்கிறது. நல்ல வேளை, அவன் அதில் பணம் எதுவும் அனுப்பியிருக்கவில்லை.

ஆர்டர் செய்யும்போது வீட்டு முகவரி கொடுக்காதீர்கள், மெயிலும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் இணையத்தில் கொட்டப்பட்டன. சிலருக்குப் போலிக் கருவியே தபாலில் வந்தது. 2024 ஜனவரியில் ட்ரெஸரும், தன் உதவித் தளத்தில் யாரோ புகுந்ததால் 66,000 பேரின் தொடர்பு விவரம் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தது. பணம் போகவில்லை. ஆனால் "உங்கள் வாலட்டைச் சரிபாருங்கள்" என்று மெயில் அனுப்பத் திருடனுக்கு அந்தப் பட்டியல் போதும்.

பெட்டியில் கருவி, கேபிள், சொற்களை எழுதிவைக்க அட்டை. யூஎஸ்பி துளையின் மேல் ஹோலோகிராம் ஸ்டிக்கர். ட்ரெஸர் சூட் என்ற செயலியை லேப்டாப்பில் போட்டு இணைத்தால், முதலில் மென்பொருளை ஏற்றி, பிறகு கருவி அசலா என்று பார்க்கும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கருவி காலி. இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு 20 சொல் முறையைத் தருகிறார்கள். நான் அதை விட்டு, உள்ளே தேடிப் பிஐபி 39 முறையில் 12 சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். நாளைக்கு இந்த நிறுவனமே இல்லாவிட்டாலும் வேறு ஏராளமான வாலட்டுகள் அந்த 12 சொல்லை ஏற்கும். 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியல் அது. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. ஆகவே நான்கு எழுத்து இருந்தாலே முழுச் சொல்லையும் கண்டுபிடித்துவிடலாம்.

சொற்களைப் பதித்துவைக்க எவர்சில்வர் தகட்டுக்கு வந்தது இந்த நான்கெழுத்து விஷயத்தால்தான். காகித அட்டை தீயிலும் கரையானிலும் போய்விடும். வெளிநாட்டில் இதற்கென்றே எஃகுத் தகடுகள் விற்கிறார்கள், விலை அதிகம். அமெரிக்காவில் ஜேம்சன் லாப் என்பவர் வருடக்கணக்காக இந்தத் தகடுகளை வாங்கிச் சூடேற்றி, அமிலத்தில் போட்டு, பிரஸ்ஸில் நசுக்கிப் பார்த்து முடிவுகளை வெளியிட்டு வருகிறார். கெட்டியான ஒரே தகட்டில் ஆழமாகப் பதித்த எழுத்துகள் நன்றாகத் தாங்குகின்றன என்பது அவருடைய சோதனைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஊரில் சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கடைக்காரர் "குடுங்க அக்கா, அஞ்சு நிமிசத்துல நானே வெட்டித் தர்றேன்" என்றார். அவரிடம் சொற்களைக் காட்ட முடியாது. அந்த மெஷின் போடும் கோடும் மேலோட்டமானது. ஆகவே வெறும் தகட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஹார்டுவேர் கடையில் இரும்பில் அடிக்கும் எழுத்துப் பஞ்ச் செட் வாங்கினேன். கதவைச் சாத்திவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, சுத்தியலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். 12 சொல்லுக்கு 48 எழுத்து. வரிசை மாறக் கூடாது என்பதால் பக்கத்தில் எண்ணும். 304 தர எவர்சில்வர் உருகுவதற்கு 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டுத் தீ அவ்வளவு போகாது. மொத்தச் செலவு வெளிநாட்டுத் தகட்டின் விலையில் ஒரு சின்னப் பகுதிதான். இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

பெரிய தொகையை அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சின்னத் தொகையை அனுப்பிப் பார்த்துவிட்டு, கருவியை முழுக்க அழித்து, தகட்டில் இருக்கும் சொற்களைக் கொண்டு மீட்டெடுத்துப் பாருங்கள். சேஃப் 3இல் இரண்டே பொத்தான். எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் போய், இரண்டையும் சேர்த்து அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். மெதுவான வேலைதான். சொற்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கவே வேண்டியதில்லை என்பதால் அந்த மெதுவை நான் மனதார ஏற்கிறேன்.

மீட்டெடுக்கும் வேலையை எங்கள் வீட்டில் என் கணவர் செய்தார். அவர் டையிங் யூனிட்டில் சூப்பர்வைசர், தமிழ் மீடியம், கிரிப்டோவில் ஆர்வம் இல்லை. அதனால்தான் அவரைச் செய்யச் சொன்னேன். எனக்கு ஏதாவது ஆனால் இதைத் திறக்கப்போவது அவர். பேங்கில் நாமினி உண்டு, இங்கே கிடையாது. என்னென்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்கக் கூடாது என்று தமிழில் ஒரு கடிதம் எழுதி, கருவியையும் தகட்டையும் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"இதுல தப்பா அமுக்கிட்டா பணம் போயிருமா?" என்று கேட்டார்.

"போகாதுங்க. சொல்லு கையில இருக்கிற வரைக்கும் எத்தன தடவ வேணும்னாலும் பண்ணலாம்."

"சரி, இந்த மெஷினே ஒடஞ்சு போச்சுன்னா?"

"கடிதத்துல மூணாவது பாராவப் பாருங்க."

பார்த்தார், செய்தார். தொகை திரையில் வந்ததும் தானே ஒரு முறை கடிதத்தை மேலிருந்து படித்துவிட்டு, "குழுவுல யாரையும் கேக்காதீங்கன்னு மேலயே பெருசா எழுதிரு" என்றார். எழுதிவிட்டேன். தகடு ஒரு இடத்தில், கருவி ஒரு இடத்தில், கடிதம் ஒரு இடத்தில் இருக்கின்றன. பாஸ்ஃபிரேஸ் என்று கூடுதலாக ஒரு ரகசியச் சொல் வைக்கும் வசதியும் இருக்கிறது. திருடன் தகட்டையே எடுத்துவிட்டாலும் அது காப்பாற்றும். ஆனால் அதில் ஓர் எழுத்து மாறினால் பிழை என்று எதுவும் வராது, காலியான வேறொரு வாலட் திறக்கும். என் கணவர் அந்த இடத்தில் தனியாக உட்கார்ந்து தவிப்பதை நான் விரும்பவில்லை. வைக்கவில்லை.

குழுவில் யாரையும் கேட்காதே என்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குழுவின் அட்மின்களில் நானும் ஒருத்தி. காலையில் பஸ்ஸில் வரும்போது முதல் வேலை, இரவில் நுழைந்த போலிக் கணக்குகளை நீக்குவது. "வித்ட்ரா ஆகலை" என்று ஒருவர் எழுதிய சில நிமிடங்களில், நிறுவனத்தின் லோகோவோடு ஒருவர் தனிச் செய்தியில் வந்து, ஒரு பக்கத்தில் 12 சொல்லை அடிக்கச் சொல்வார். பயத்தில் இருப்பவருக்கு அது உதவியாகத்தான் தெரியும். அட்மின் யாரும் முதலில் தனிச் செய்தி அனுப்ப மாட்டோம் என்று பின் செய்து வைத்திருக்கிறோம். ஆனாலும் வயதானவர்கள் சிக்குகிறார்கள். ஓய்வுக்காலப் பணத்தை இழந்த ஒருவர் அழுததைக் கேட்டிருக்கிறேன். நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அவரைப் போன்றவர்களுக்காக. கருவி கையில் இருக்கும் ஒருவர் சொற்களைக் கருவியைத் தவிர வேறெங்கும் அடிக்க வேண்டிய தேவை வராது. இது மனதில் பதிந்துவிட்டால் அந்த வகைத் திருட்டில் முக்கால்வாசி நின்றுவிடும்.

எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2024 ஜூலை 18ஐ நினைவூட்டுவேன். வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடு போய், லட்சக்கணக்கானவர்களின் கணக்கு முடங்கியது. அதைத் தொடர்ந்து தன் எக்ஸ்ஆர்பி நாணயங்களுக்காக ஒரு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கில்தான், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோகரன்சி ஒரு சொத்து என்று சொன்னது. சொத்து என்று நீதிமன்றம் சொன்னது எனக்கு நிஜமான மகிழ்ச்சி. ஆனால் வழக்குப் போடாமலே என் பணம் என்னிடம் இருக்க வேண்டும். நாணயத்தை வெளியே எடுக்கவே விடாத எக்ஸ்சேஞ்சுகளும் இருக்கின்றன. வாங்கும் முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் முன்பு பயன்படுத்திய ஒன்றில் வெளியே அனுப்பும் கோரிக்கை ஒரு வார இறுதி முழுக்க 'பரிசீலனையில்' என்றே நின்றது.

வெளியே எடுக்கும் முன் வாங்கிய தேதி, விலை, பிடித்த டிடிஎஸ் எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கிச் சேமியுங்கள். லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரலிலிருந்தும், 1 சதவீத டிடிஎஸ் அதே ஆண்டு ஜூலையிலிருந்தும் இருக்கிறது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பல வருடம் கழித்து விற்கும்போது வாங்கிய விலைக்கு ஆதாரம் வேண்டும். அந்த எக்ஸ்சேஞ்ச் அப்போது இருக்கும் என்று உறுதியில்லை. அனுப்பும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 20, ஹால்விங் (புதிய பிட்காயின் வரத்து பாதியாகக் குறைவது) முடிந்த நாளில், பிட்காயின் வலையில் உருவாக்கும் ரூன்ஸ் டோக்கன்களுக்கான நெரிசலில் ஒரு பரிவர்த்தனையின் சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. அப்போதைய கட்டணத்தைக் காட்டும் மெம்பூல் தளத்தில் கட்டணம் இறங்கியிருக்கும்போது அனுப்பினால் போதும்.

சூட் செயலியில் எனக்குப் பிடித்தவை: முன்பு வந்து சேர்ந்த எந்த நாணயத் துண்டிலிருந்து செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி, நம் இணைய முகவரியை மறைக்கும் டோர் வலை வழியே இணைக்கும் ஒரு பொத்தான், தொகைகளை மறைக்கும் ஒரு பொத்தான். ஆண்ட்ராய்டு போனில் கேபிளைச் செருகி நேரடியாகப் பயன்படுத்தலாம். ஐபோன் மட்டும் வைத்திருப்பவர்கள் சேஃப் 3 வாங்க வேண்டாம். அதில் இருப்பைப் பார்க்கலாம், அனுப்ப முடியாது. அவர்களுக்கு 2025இல் வந்த சேஃப் 7இல் புளூடூத் இருக்கிறது, அறிமுக விலை 249 டாலர். கண் பார்வை குறைந்தவர்களுக்கு வண்ணத் தொடுதிரை உள்ள சேஃப் 5 நல்லது, அதன் அறிமுக விலை 169 டாலர். பிட்காயின் மட்டும் வைத்திருப்பவர்கள் சேஃப் 3இல் பிட்காயினுக்கென்றே உள்ள மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். தனி விலை கிடையாது, முதல்முறை இணைக்கும்போதே சூட்டில் தேர்ந்தெடுக்கலாம். நான் அதைத்தான் ஏற்றியிருக்கிறேன்.